மேடையேறிய பாடநூல்

ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை நேரம் கேட்டால், தேர்வு நெருங்குகிறது என்று கைவிரிக்கும் பள்ளிகள் இன்று பெருகிவிட்டன. பொருளியல் கற்பித்த நானும் ஒருகாலத்தில் அந்த நேரத்தை இழப்புக் கணக்கில் எழுதியவன்தான். அந்தக் கணக்கைத் திருத்தியது ஜான் அமோஸ் கொமேனியஸின் வாழ்க்கை.

இன்றைய செக் குடியரசின் மொராவியாப் பகுதியில் 1592-இல் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். வளர்ந்தபின் 'சகோதரர் ஐக்கியம்' என்னும் சிறிய கிறிஸ்தவ சபையின் போதகரானார். 1620-இல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பு தோற்றதும் தலைமறைவாக வாழ நேர்ந்தது. அக்காலத்தில் கொள்ளைநோய்க்கு மனைவியையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தார். 1628-இல் போலந்தின் லெஷ்னோ நகருக்கு அகதியாகச் சென்றார்.

அங்கே சபையார் நடத்திய பள்ளியில் ஆசிரியரானார். லத்தீன் கல்வி என்றால் பிரம்பும் மனப்பாடமும் என்றிருந்த காலம் அது. பொருளை அறியாமல் சொல்லைக் கற்பது வீண் என்று கருதிய அவர், 1631-இல் வெளியிட்ட லத்தீன் பாடநூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. டயோஜனிஸ், ஆபிரகாம் ஆகியோரின் கதைகளை நாடகங்களாக எழுதி, மாணவர்களை நடிக்கவும் வைத்தார்.

1650-இல் ஹங்கேரியின் ஷாரோஷ்படக் நகரப் பள்ளியைச் சீரமைக்க அழைக்கப்பட்டார். மாணவரிடம் ஊக்கமில்லை, ஆசிரியரிடம் ஒத்துழைப்பில்லை. சோர்ந்துவிடாத அவர், தம் பாடநூலையே எட்டு நாடகங்களாக மாற்றினார். இயற்கை, உழவு, கைத்தொழில், பள்ளி, குடும்பம், நகராட்சி என அனைத்தும் பாத்திரங்களின் வாயிலாக மேடையேறின. கிறிஸ்தவப் பள்ளிக்கு நாடகம் தகுமா என்ற தயக்கம் எழாமல் இல்லை. ஆயினும், மாணவரின் மந்தத்தை விரட்ட இதைவிடச் சிறந்த வழியைத் தாம் கண்டதில்லை என்பதே அவர் அடைந்த முடிவு. 'விளையாட்டுப் பள்ளி' என்ற பொருள்படும் லத்தீன் தலைப்பில் அந்நாடகங்கள் நூலாயின.

1656-இல் லெஷ்னோ தீக்கிரையானபோது, பல்லாண்டு உழைப்பில் உருவான அகராதி உள்ளிட்ட அவருடைய கையெழுத்துப் படிகள் அழிந்தன. ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்த அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. குழந்தைகளுக்கான புகழ்பெற்ற படப் பாடநூல் 1658-இல் வெளிவந்தது. தாய்நாடு திரும்பாமலே 1670-இல் மறைந்து, நெதர்லாந்தின் நார்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த மார்ச் 28-ஐ செக் மக்கள் இன்று ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

நாடும் வீடும் நூல்களும் பறிபோன ஒருவருக்கு நேரத்தின் அருமை தெரியாதா? தெரிந்தும் அவர் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கினார். கூச்சத்தால் வாய் திறவாத மாணவன் சபை நடுவே நிமிர்ந்து பேசுவது, எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத வரவு. பள்ளி நாடகத்தைச் செலவினம் என்று வெட்டுவோர், இந்த வரவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.