பெயர் நின்ற பெரியார்

பல ஆண்டுகளின் முன் எங்கள் பிராசீன பாடசாலையில் ஆதிபருவத்துக் கருடன் கதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கருடன் கொணர்ந்த அமிழ்தக் கலசம் தருப்பையின்மேல் வைக்கப்பட்டது; இந்திரன் அதனைக் கவர்ந்து சென்றான்; ஏமாந்த நாகங்கள் வெறும் புல்லை நக்கின; அதன் கூர்மையால் அவற்றின் நா இரண்டாகப் பிளந்தது. இவ்வாறு நான் கூறி முடித்ததும், விஞ்ஞானம் பயின்றபின் தமிழ் கற்க வந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். பாம்பு தன் பிளந்த நாவினால் மணத் துகள்களை எடுத்து, மேலண்ணத்துக்கு மேலுள்ள ஓர் உறுப்பிற் சேர்த்து மணமறிகின்றது என்றும், அவ்வுறுப்பு யாக்கோப்சன் என்பாரின் பெயரால் வழங்குகின்றது என்றும் பணிவுடன் சொன்னான். கதையின் சுவை கெட்டதே என்று அன்று சிறிது வருந்தினேனேயன்றி, அப்பெயரை மனத்திற் கொண்டேனல்லேன். அதனைத் தேடிப் படிக்கும் நிலை பின்னர் அம்மாணவனாலேயே எனக்கு நேர்ந்தது.

லுட்விக் லெவின் யாக்கோப்சன் 1783ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்கேகனில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அந்நகரத்துச் சத்திரவைத்தியக் கழகத்திற் பயின்று, 1804இல் தேர்ச்சி பெற்று, அங்கேயே கற்பிக்கவும் தொடங்கினார். 1807ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஆங்கிலேயக் கடற்படை அந்நகரின்மேற் குண்டு மாரி பொழிந்தது. வீடுகள் எரிந்தன, மக்கள் பலர் மாண்டனர். இளைஞரான யாக்கோப்சன் காயமுற்றோருக்கு வைத்தியஞ் செய்யும் பணியில் நின்றார்.

அவர் புகழ்பெறக் காரணமான ஆராய்ச்சி வீட்டு விலங்குகளின் மூக்கைப் பற்றியது. மூக்கின் நடுச்சுவரின் அடியில், இருமருங்கும், குருத்தெலும்பு பொதிந்த மெல்லிய குழாய் ஒன்று கிடப்பதையும், அதற்கு நரம்புகள் வந்து சேர்வதையும் அவர் கண்டார். மணமறியும் தொழிலுக்குத் துணையாவதோர் உறுப்பு இது என உய்த்துணர்ந்தார். பிரான்சு நாட்டின் பெரும் விலங்கியலறிஞர் கூவியர் 1811இல் இக்கண்டுபிடிப்பை அறிஞருலகுக்கு விரித்துரைத்தார். யாக்கோப்சன் தம் தாய்நாட்டு மொழியில் எழுதிய விளக்கம் 1813இல் வெளிவந்தது. குதிரையும் ஆட்டுக்கடாவும் காளையும் மேலுதட்டைச் சுருட்டி முகத்தை உயர்த்தி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். இணையின் மணத்தை இவ்வுறுப்பினுட் செலுத்தும் முறையே அது என்பது பின்னையோர் அறிந்த செய்தி.

மூக்கின் நடுச்சுவரிலுள்ள எலும்பொன்றுக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் வோமர் என்பதாம். இலத்தீன் மொழியில் அதற்குக் கொழு என்பது பொருள். ஏரின் நுனியிலே நிலத்தைக் கிழிக்கும் அதே கொழுதான். அவ்வெலும்பின் அயலிற் கிடத்தலால் இவ்வுறுப்பையும் அதனோடு சேர்த்தே பெயரிட்டனர். நாம் இதனைக் கொழுமூக்குறுப்பு என்று சொல்லின் பிழையாகாது.

மனிதரிடத்து இதன் நிலை யாது? 1703இலேயே ஒல்லாந்து உடற்கூற்றறிஞர் உரூய்சு என்பார் ஒரு குழந்தையின் மூக்குச் சுவரில் இத்தகைய துளையைக் கண்டு குறித்திருந்தார். யாக்கோப்சனோ, விலங்குகளிற் சிறந்து விளங்கும் இவ்வுறுப்பு மனிதரிடம் அவ்வாறு விளங்கவில்லை என்றே கொண்டார். தாம் கண்டதை மிகைப்படுத்தி மனிதருக்கும் ஏற்றிச் சொல்லும் ஆசை அவருக்கு இருந்ததில்லை. 1877இல் செருமானிய நாட்டிற் பணியாற்றிய கொலிக்கர் மனிதக் கருவிலும் வளர்ந்தோரிலும் இதனை ஆராய்ந்து விளக்கினார். வளர்ந்தோரில் இது நாசித்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 1 முதல் 2 சென்ரிமீற்றர் உள்ளே, சில மில்லிமீற்றர் நீளமே உடைய, மறுமுனை அடைபட்ட சிறு குழாயாகும். சிலரில் ஒருமருங்கு மட்டுமே காணப்படும். சிலரிற் கண்ணுக்குப் புலப்படாது.

கருவின் கதை இதனினும் வியப்புடையது. ஏறத்தாழ ஆறாம் வாரத்தில், மூக்குக் குழியின் உட்சுவர் ஓரிடத்தில் தடித்து, உள்வாங்கி, மெல்லக் குழாயாகின்றது. அதனின்று நரம்பிழைகள் மூளையை நோக்கிச் செல்கின்றன. ஆயினும் பிறப்பதற்கு முன்னரே உணர்கலங்கள் குன்றி, அத்தொடர்பு அற்றுப்போகின்றது. மணச் செய்தியை நரம்புச் செய்தியாக்கும் மரபணுவொன்று மனித குலத்திற் பழுதுற்றுக் கிடப்பதையும் இக்காலத்தார் கண்டுள்ளனர். அங்ஙனமாயின் இது பயனற்ற எச்சந்தானோ? அன்று. பருவமடைதலை நடத்தும் ஓமோனைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் மூளையிலே தோன்றுவன அல்ல. மூக்குப் பகுதியிலே தோன்றி, இந்நரம்பிழைகளின் வழியே நடந்து மூளையை அடைவன. 1989இல் எலிகளில் இது காட்டப்பட்டது. அப்பயணம் தடைப்பட்டால் மணமறியும் ஆற்றலும் இல்லாமற்போம், பருவமும் வாராது. வழியாய் நின்று உதவியபின் அவ்வழி மறைந்துவிடுகின்றது.

இனி யாக்கோப்சனின் வாழ்விலே தலையாய நிகழ்ச்சிக்கு வருகின்றேன். கொப்பன்கேகன் சர்வகலாசாலை அவருக்குப் பதவி தர முன்வந்தது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: அவர் தம் சமயத்தை விட்டுக் கிறித்தவராதல் வேண்டும். அக்காலத்தில் அவ்வாறு மாறிப் பதவி பெற்றோர் ஐரோப்பாவிற் பலர். அவர்களை நாம் இகழ வேண்டியதில்லை. வயிறும் குடும்பமும் யாருக்கும் உண்டு. யாக்கோப்சன் மறுத்துவிட்டார். மறுத்தபின் மனங்கசந்து ஓய்ந்தாரும் அல்லர். நடுச்செவியினுட் செல்லும் நரம்பொன்று இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றது. சிறுநீர்ப்பையிற் கல்லை நசுக்கி அகற்றும் கருவியொன்றை அமைத்தார். கருவில் முதலில் தோன்றி மறையும் சிறுநீரகத்தையும் ஆராய்ந்தார். 1843இல் மறைந்தார். டென்மார்க்கின் அரசியற் சட்டம் சமயவேற்றுமையால் உரிமை மறுத்தலை நீக்கியது 1849இலே. அவர் காலமாகி 6 ஆண்டுகளின் பின்னர்.

நான் முதலிற் சொன்ன மாணவன் தேர்வுகளில் நன்கு சித்தியடைந்தான். ஓர் ஆசிரியப் பதவிக்கு விண்ணப்பித்தபோது, அரசியற் பிரமுகர் ஒருவரின் கடிதத்தைக் கொண்டு சென்றாற் காரியம் கைகூடும் என்று சிலர் கூறினர். அவன் அதற்கு இசையாது என்னிடம் வந்தான். நானோ, ஊரோடு ஒத்துப் போ என்று கடிந்துரைத்தேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாம்பின் நாவைப் பற்றிய பாடத்தில் தான் குறிப்பிட்ட அறிஞரின் வரலாற்றை ஒருமுறை படிக்கும்படி மாத்திரம் கேட்டுக்கொண்டு சென்றான். பதவி அவனுக்குக் கிடைக்கவில்லை.

படிப்பதற்கு எனக்கு நெடுங்காலஞ் சென்றது. சங்கப் புலவரின் மானத்தை மேடைதோறும் எடுத்தோதும் நான், என் முன்னே நின்ற மானத்தை அறியாதவனானேன். அவன் இன்று ஒரு சிற்றூரில் மாலை வகுப்பு நடத்தி வாழ்கின்றான். சென்ற வாரம் அவனுக்குக் கடிதம் எழுதினேன். நான் படித்துவிட்டேன் என்பதையும், அன்று நான் சொன்னது தவறு என்பதையும் எழுதினேன்.