ஆர். ஆறுமுகம்: ஒலிம்பிக் வாசல் வரை போன மலேசியாவின் ‘ஸ்பைடர்மேன்’

ஜேடிடி ஆட்டம் இருக்கிற ராத்திரிகளில் இஸ்கண்டார் புத்ரி பக்கம் போய்ப் பாருங்கள். சாலை முழுக்கச் சிவப்பு, நீலச் சட்டைகள். 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகும் பையனிடம் பெரியவனானால் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால், யோசிக்காமல் ‘ஃபுட்பாலர்’ என்று சொல்லக்கூடும். அது இன்றைக்கு ஒரு வேலை. ஒப்பந்தம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு, அடிபட்டால் பார்க்க ஆள் உண்டு.

ஆனால், மலேசியக் காற்பந்தின் பொற்காலம் என்று நம் தாத்தாக்கள் சொல்கிறார்களே, அந்த 70-களிலும் 80-களிலும் இந்த நிலை இல்லை. அந்தக் காலத்தில் நாட்டின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஒரு தமிழர். பெயர் ஆர். ஆறுமுகம். ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஸ்பைடர்மேன்’.

‘ஓலா போலா’ படம் பார்த்தவர்களுக்கு முத்து என்ற கோல்காவலர் ஞாபகம் இருக்கும். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜ மனிதரின் கதைதான் இது.

யார் இந்த ஆறுமுகம்?

முழுப் பெயர் ஆறுமுகம் ரெங்கசாமி. பிறந்தது 1953 ஜனவரி 31. சொந்த ஊர் சிலாங்கூரில் உள்ள போர்ட் கிள்ளான். அப்போது அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். கப்பல், கிடங்கு, ரயில் என்று துறைமுக வேலையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்ந்த ஊர் அது.

ஆறுமுகம் சிலாங்கூர் அணிக்கு ஆடினார். 1973-ல் தேசிய அணிக்கு வந்தார். அப்போது வயது 20. அதன் பிறகு 80-களின் நடுப்பகுதி வரை மலேசிய அணியின் கோல் கம்பம் என்றாலே அவர் முகம்தான் ரசிகர்களுக்கு ஞாபகம் வரும். நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் நூறைத் தாண்டும்.

அவர் சேர்ந்த சிலாங்கூர் சாதாரண அணி இல்லை. 1971 முதல் 1979 வரையிலான 9 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை 7 முறை தூக்கிய அணி. அங்கே முன்வரிசையில் ‘சூப்பர்மோக்’ மொக்தார் டஹாரி. தேசிய அணியின் தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். பின்னால் ஆறுமுகம். மலாய், சீனர், பஞ்சாபி, தமிழர் என எல்லாரும் ஒரே வரிசையில் நின்ற அணி அது. அப்போது யாரும் அதை ஒரு பிரச்சார வாசகமாகச் சொல்லவில்லை. யார் நன்றாக ஆடினார்களோ அவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான்.

ஏன் ‘ஸ்பைடர்மேன்’?

காரணம் அவருடைய கைகள். ஆள் ஒல்லி, கைகள் நீளம். மற்ற கோல்காவலர்களுக்கு எட்டாத மூலையில் போகும் பந்துக்கும் அவர் விரல் நுனி எட்டும். வலை கட்டி வைத்த சிலந்தி மாதிரி என்று ரசிகர்கள் சொல்ல, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்றைய கோல்காவலர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இப்போது சொந்த அணி வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்க முடியாது. அந்த விதி 1992-ல்தான் வந்தது. அதனால் இன்றைய கோல்காவலருக்குக் கால் ஆட்டமும் வேண்டும். ஆறுமுகம் காலத்தில் கைதான் எல்லாமே. உயரமாக வரும் பந்தை, கூட்டத்துக்கு நடுவே எகிறி, தட்டி விடாமல் பிடிக்க வேண்டும். நம்ம ஊர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயங்காலம் ஒரு மழை கொட்டினால் கோல் முன்னாடி இருக்கும் இடம் சேறாகிவிடும், பந்து வழுக்கும், தண்ணீர் குடித்துக் கனக்கும்.

இன்னொன்று. முன்வரிசை வீரர் பத்து வாய்ப்பில் ஒன்பதைத் தவறவிட்டாலும் ஒரு கோல் போட்டால் ஹீரோ. கோல்காவலர் பத்தில் ஒன்பதைப் பிடித்தாலும், தவறவிட்ட அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும். இப்படிப்பட்ட வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் ஒருவர் நாட்டுக்காக நின்றார் என்றால், அதற்கு நீளமான கை மட்டும் போதாது.

மலேசியா அப்போது உண்மையிலேயே பலமான அணியா?

ஆமாம், ஆசிய அளவிலேயே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா காற்பந்து ஆடியது, அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1974-ல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம். 1977-ல் கோலாலம்பூரிலும் 1979-ல் ஜகார்த்தாவிலும் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து இரண்டு தங்கம்.

1957-ல் தொடங்கிய மெர்டேக்கா போட்டிக்கு ஆசியாவின் முக்கிய அணிகள் வரும். தென் கொரியா வரும், ஜப்பான் வரும், பர்மா வரும், இந்தியா வரும். இன்றைக்கு உலகக் கிண்ணத்தில் நாம் டிவியில் பார்க்கும் கொரியாவும் ஜப்பானும் அன்று மெர்டேக்கா அரங்கத்தில் நமக்குச் சமமான எதிரிகள். சில நாள் ஜெயிப்பார்கள், சில நாள் தோற்பார்கள்.

1980 ஏப்ரல் 6-ல் என்ன நடந்தது?

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. மலேசியாவோடு தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ் மோதின. இருப்பது ஒரே ஓர் இடம். ஜப்பான் வெளியேற, கடைசி ஆட்டத்துக்கு வந்தவை மலேசியாவும் தென் கொரியாவும்.

அந்த ஆட்டத்தில் மலேசியா 2-1 என்று வென்றது. வெற்றி கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். கோல் கம்பத்தில் ஆறுமுகம். அணித்தலைவர் சோ சின் ஆன். 1957-ல் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட அதே திடலில், நாடு மறுபடியும் ஒரே குரலாகக் கத்திய நாள் அது. உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய காற்பந்து ரசிகர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு எங்கே நின்று பார்த்தேன், எந்த வானொலியில் கேட்டேன் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

அப்புறம் ஏன் மாஸ்கோ போகவில்லை?

காற்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணம். 1979 டிசம்பரில் சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்கா அழைப்பு விடுத்தது. பல நாடுகள் சேர்ந்தன. மலேசியாவும் சேர்ந்தது. கடைசியில் 80 நாடுகளே மாஸ்கோவில் பங்கேற்றன.

மலேசியாவின் இடம் ஈராக்குக்குப் போனது. ஈராக் அணி காலிறுதி வரை முன்னேறியது.

புறக்கணிப்பு சரியா தவறா என்பது தனி விவாதம். ஒரு முஸ்லிம் நாட்டின் மீது நடந்த படையெடுப்பைக் கண்டும் காணாததுபோல் இருக்க முடியாது என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. ஆனால், அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் விளையாட்டாளர்கள். ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. ஒரு கோல்காவலரின் நல்ல வயது தொடங்கும் நேரம். அடுத்த ஒலிம்பிக் நான்கு வருஷம் கழித்து, அதற்கு மலேசியா தகுதி பெறவில்லை. சொல்லப் போனால், 1980-க்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி எந்த ஒலிம்பிக்குக்கும் இதுவரை தகுதி பெறவில்லை.

அப்போது காற்பந்தால் வயிறு நிறையுமா?

இதுதான் இளம் வாசகர்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ஆறுமுகம் ஆடிய காலம் முழுக்க மலேசியாவில் தொழில்முறைக் காற்பந்து கிடையாது. வீரர்கள் வங்கியிலோ, அரசு வாரியத்திலோ, போலீஸிலோ, ராணுவத்திலோ, ஏதாவது ஒரு நிறுவனத்திலோ வேலை பார்ப்பார்கள். பயிற்சி வேலை முடிந்த பிறகு. போட்டி வந்தால் லீவு வாங்க வேண்டும். முழுநேர ஆட்டக்காரராக வாழ நினைத்தவர்கள் வெளிநாடு போக வேண்டும். ஆறுமுகத்துக்கு முந்திய தலைமுறையின் பெரிய கோல்காவலர் சௌ சீ கியோங் அப்படித்தான் ஹாங்காங் போனார்.

இந்தப் பக்கம் நாம் இப்படி இருக்க, அந்தப் பக்கம் எதிரணிகள் மாறிக்கொண்டிருந்தன. தென் கொரியா 1983-லேயே தொழில்முறை லீக் தொடங்கியது. 1985 மார்ச்சில்கூட, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், கோலாலம்பூரில் மலேசியா தென் கொரியாவை 1-0 என்று வென்றது. ஆனால், 1986-ல் மெக்சிகோவுக்குப் போனது தென் கொரியா. அன்று முதல் அவர்கள் ஒரு உலகக் கிண்ணத்தையும் தவறவிட்டதில்லை. ஜப்பான் 1993-ல் ஜே லீக் தொடங்கியது.

மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-ல். முழுமையான தொழில்முறை லீக் 1994-ல்.

அந்த 1989 என்ற ஆண்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1988 டிசம்பர் 18

அன்றைக்கு ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். வயது 35. 36-வது பிறந்தநாளுக்கு ஆறு வாரம்தான் பாக்கி.

கோல்காவலர்கள் நாற்பது வயதிலும் நின்று ஆடுகிற விளையாட்டு இது. ஆடவில்லை என்றாலும், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கலாம். சேற்றிலும் மழையிலும் பந்தைப் பிடித்த அந்தக் கைகளுக்குத் தெரிந்ததை, சம்பளம் வாங்கி ஆடப்போகும் பையன்களுக்குச் சொல்லித் தந்திருக்கலாம். அந்த வாய்ப்பு வாசலுக்கு வந்த நேரத்தில் அவர் இல்லை. ஒலிம்பிக் ஒரு முறை கைக்கு எட்டி நழுவியது. தொழில்முறைக் காலம் சில மாத இடைவெளியில் நழுவியது.

இரண்டரை வருஷம் கழித்து, 1991 ஜூலையில், மொக்தார் டஹாரியும் நரம்பு நோயால் காலமானார். அவருக்கு வயது 37. அந்தப் பொற்காலச் சிலாங்கூர் அணியின் முன்னாலும் பின்னாலும் நின்ற இருவருமே நாற்பதைப் பார்க்கவில்லை.

சரி, ஜோகூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜோகூர் ரசிகர்களுக்கு அன்றைய சிலாங்கூர் என்றால் எதிரணி. 1985-ல் ஜோகூர் முதல் முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த வருஷமே இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 6-1 என்று தோற்றது. அந்தக் காயம் பழைய ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை!

ஆனால், இந்தக் கதையோடு ஜோகூருக்கு இன்னொரு தொடர்பு இருக்கிறது. 1997 நவம்பர் 16. இடம் ஜோகூர் பாரு, லார்கின் அரங்கம். ஜப்பானும் ஈரானும் மோதின. கூடுதல் நேரத்தில் மசாயுகி ஒக்கானோ அடித்த கோலில் ஜப்பான் 3-2 என்று வென்றது. ஜப்பான் வரலாற்றிலேயே முதல் முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற ஆட்டம் அது. ஜப்பானியர்கள் இன்றும் ஜோகூர் பாருவின் பெயரைச் சந்தோஷத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

1980-ல் மெர்டேக்கா அரங்கத்தில் ஜப்பானை ஓரங்கட்டிவிட்டு முன்னேறியது மலேசியா. 17 வருஷம் கழித்து, நம்ம லார்கினில், நம்ம மண்ணில், ஜப்பான் உலகக் கிண்ணத்துக்கு ஏறியது. நாம் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். இடையில் நடந்தது திறமைக் குறைவு மட்டும் இல்லை. அவர்கள் ஆட்டக்காரனுக்கு ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுத்தார்கள். நாம் தாமதித்தோம்.

பிறகு, அதே ஜோகூரில்தான் அந்தப் பாடத்தை ஓர் அணி கற்றுக்கொண்டது. 2013-ல் புது வடிவம் எடுத்த ஜேடிடி, 2015-ல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் அதுதான்.

இன்று ஆறுமுகம் எங்கே இருக்கிறார்?

பெரும்பாலான இளைஞர்களுக்கு அவர் ‘ஓலா போலா’ வழியாகத்தான் தெரியும். சியூ கெங் குவான் இயக்கி 2016-ல் வெளிவந்த அந்தப் படம் 1980 அணியை ஒட்டி எழுதப்பட்டது. சரண் குமார் முத்துவாக நடித்தார். ஆனால் ஒன்று: முத்து ஒரு கற்பனைப் பாத்திரம். முத்துவின் வீட்டுக் கதையை ஆறுமுகத்தின் வீட்டுக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படம் முடிந்ததும் விளக்கு போட்டுவிடுவார்கள், நாம் சந்தோஷமாக வெளியே வருவோம். நிஜத்தில் மாஸ்கோ விமானம் கிளம்பவே இல்லை.

அவரை நினைத்து வருத்தப்படுவது சுலபம். அதைவிட உபயோகமான ஒன்று உண்டு. இன்றைக்கு ஒரு தமிழ்ப் பையனோ பெண்ணோ கையுறை மாட்டிக்கொண்டு திடலில் நின்றால், இது நமக்கு எதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். போர்ட் கிள்ளானில் ஓர் ஒல்லிப் பையன் அப்படித்தான் போய் நின்றான். சம்பளம் தரும் லீக் இல்லாத காலத்தில், நாட்டுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நின்றான். அவனுக்குக் கிடைக்காத அரங்கமும் ஒப்பந்தமும் இப்போது இருக்கின்றன.

அடுத்த முறை ஜேடிடி ஆட்டத்துக்குப் போனால், கோல் கம்பத்தின் நடுவே தனியாக நிற்கிறவரையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.