காக்கிச் சட்டை போட்ட பைலாக்காரர்

போரால் இடம்பெயர்ந்து வந்து உச்சமுனையில் குடியேறியவர்களில் நானும் ஒருவன். இங்கே கல்யாண இரவுகளில் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து ஆடுவது பைலாவுக்குத்தான். அந்த பைலாவுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் வொலி பஸ்தியன்.

அவருக்குத் தொழில் பொலிஸ் உத்தியோகம். அந்தக் காலத்தில் வாத பைலா பெயர் பெற்றிருந்தது. பாடகர்கள் மேடையில் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே வரி கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். 1940களில் பஸ்தியன், கபிரிஞ்ஞா எனப்படும் ஆட்ட இசையின் ஆறெட்டுத் தாளத்தில் சிங்களப் பாட்டுகளைக் கட்டத் தொடங்கினார். கூட்டம் முழுவதும் திருப்பிப் பாடக்கூடிய பல்லவியையும் சேர்த்தார். அதுவே கோரஸ் பைலா. மருத்துவமனைத் தாதி, குசினிச் சாமான், வெசாக் பார்க்கப் போகும் பயணம் என்று சாதாரண சனங்களின் வாழ்க்கையே அவருடைய பாட்டானது.

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் கேங் ஒஃப் ஃபோர் போன்ற ரொக் குழுக்கள் பங்க் இசையின் கோபத்தைக் கறுப்பின அமெரிக்கரின் ஃபங்க் தாளத்தோடு கலந்தன. உலகம் அதைப் புதுமை என்றது. தெருப் பாட்டையும் கறுப்பின மக்களின் தாளத்தையும் கலக்கும் வேலையை நம் நாட்டுப் பொலிஸ்காரர் ஒருவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்திருந்தார்.

பஸ்தியன் எடுத்தாண்ட தாளத்தின் வேர் எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. போர்த்துக்கேயரும் பின்வந்த ஆட்சியாளர்களும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்கள் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. மஞ்ஞா எனப்படும் பாட்டுகளில் மட்டும் அதன் சொற்கள் தங்கியிருக்கின்றன. பைலாவுக்கு ஆடுபவர்களில் எத்தனை பேர் இவர்களை நினைக்கிறோம்?

பஸ்தியன் 1985இல் இறந்தார். அப்போது நாடு போருக்குள் போயிருந்தது. ஆனாலும் அவர் போட்ட பாதை நிற்கவில்லை. எம்.எஸ். பெர்னாண்டோ, டெஸ்மன்ட் டி சில்வா எனப் பலர் அதில் நடந்தார்கள். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வழியாக பைலா தமிழ்நாட்டு மேடைகளிலும் ஏறியது.

ஒரு தாளம் நாடுகளையும் மொழிகளையும் தாண்டிப் பிழைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்களின் மொழிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. நீர்கொழும்பிலிருந்து வடக்கே இந்தக் கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல இரண்டு மூன்று தலைமுறைகளில் சிங்களத்துக்கு மாறிவிட்டன. ஊரை இழந்து வந்த நாங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டைக் கலியாண வீடு காப்பாற்றும். மொழியைக் காப்பாற்ற வீட்டில் தினமும் பேச வேண்டும்.