கணித மேதை இராமாநுசன்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகைவண்டிப் பயணிகளுக்கான கப்பற்சேவை தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே, மார்ச் 17ஆம் நாள், சீனிவாச இராமாநுசன் சென்னையினின்றும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைப் பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப்.ஏ. தேறினாரல்லர். நம் மாணவர் இதனைச் சாக்காகக் கொள்ளாதிருப்பாராக!

அவர்தம் குறிப்பேட்டிலுள்ள ஒரு பொருளை மட்டும் ஈண்டு யாம் நோக்குவோம். கூட்டலை அடுக்கினாற் பெருக்கல். பெருக்கலை அடுக்கினால் வலு. அதற்கும் அப்பால்? அடுக்குச் சார்பினின்றும் ஒன்றைக் கழித்து, வந்ததை மீண்டும் அதிலேயே இட்டு, அவர் படிபடியாக ஏறினார். விரிவில் இரண்டாம் வலுவின் குணகம் படியெண்ணிற் பாதி என வந்தது. படியெண் 1 எனில் 1/2. -1 எனில் -1/2, அது மடக்கையின் விரிவே. அரைப்படி எனினோ 1/4! இரு கரைக்கு இடையே சேதுவின் மணற்றிட்டுகள்போல, படிகளுக்கு இடையேயும் கால்வைக்க இடமுண்டாயிற்று. சாதாரண அளவுகோலிற் சமதூரம் கூட்டலைக் குறிக்கும்; மடக்கை அளவுகோலிற் பெருக்கலைக் குறிக்கும். இரண்டிற்கும் நடுவே வேறோர் அளவுகோலை அமைக்கவும் இதனால் வழி பிறந்தது.

1918இல் வேத்தியற் கழகத்து உறுப்பினரானார். நோயுடன் 1919இல் மீண்டு, 1920 ஏப்ரல் 26இல், முப்பத்திரண்டாம் வயதில், மறைந்தார். குறிப்பேடுகள் 1957இற்றான் பம்பாயில் அச்சேறின. பெரும்பாலும் நிறுவலின்றி அவர் எழுதிவைத்தவற்றுக்கு நிறுவல் தந்து அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பேர்ண்ட் முதற்பாகத்தை வெளியிட்டது 1985இல்.