காதலியைப் பறித்த பிரசவம்... கர்ப்பிணிகளுக்குக் கதவு திறந்த சத்திரம்! - தஞ்சை சரபோஜி மன்னரின் கதை

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டே போகலாம். வழியில் ஒரத்தநாடு வரும். அங்கே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பெரிய முற்றங்கள், யானையும் குதிரையும் இழுக்கும் தேர் மாதிரி அமைத்த ஒரு பகுதி என்று பார்த்தாலே அரண்மனை போலத்தான் தோன்றும். ஆனா அது அரண்மனை இல்ல, சத்திரம். பேரு முத்தம்மாள் சத்திரம். முக்தாம்பாள் சத்திரம்னும் சொல்வாங்க.

யார் இந்த முத்தம்மாள்? பட்டத்து ராணியெல்லாம் கிடையாது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காதலி. சரபோஜின்னா நமக்கு சரஸ்வதி மகால் நூலகம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் புத்தகக் காதலரோட வாழ்க்கையில் இப்படி ஒரு சோகமும் இருக்கு.

9 வயசுல தத்து... 20 வயசுல அரியணை!

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பரில். அப்போது தஞ்சை மன்னர் துளஜா. மகன், மகள், பேரன் என்று பெற்ற வாரிசுகளை எல்லாம் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். வேறு வழியில்லாமல் 1787-ல் போன்ஸ்லே வம்சத்தைச் சேர்ந்த சிறுவன் சரபோஜியைத் தத்து எடுத்தார். அதே வருஷம் துளஜாவும் இறந்துவிட்டார்.

அதுக்கப்புறம் அந்தப் பையன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. துளஜாவின் சகோதரர் அமர்சிங், தத்து செல்லாது என்று சொல்லி ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சிறுவனை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார்தான் அவருக்காகக் கம்பெனி அதிகாரிகளிடம் போராடினார். 1793-ல் பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சரபோஜி, அங்கே பல மொழிகளைப் படித்தார். கடைசியில் தத்து செல்லும் என்று முடிவாகி, 1798-ல் அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயசு 20.

கைவிட்டுப் போன முத்தம்மாள்

தஞ்சைப் பக்கம் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. அரியணை ஏறுவதற்கு முன்பே சரபோஜிக்கு முத்தம்மாள் மேல் காதல். இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது முறை கர்ப்பமானபோது, இந்தத் தடவையாவது நல்லபடியா நடக்கணும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. நடக்கல. பிரசவத்தில் முத்தம்மாள் உயிரே போய்விட்டது.

உயிர் பிரியும் நேரத்தில் அவர் தனக்கென்று நகையோ சமாதியோ கேட்கவில்லையாம். தன் பெயரில் ஒரு சத்திரம் கட்ட வேண்டும், வழியில் வரும் கர்ப்பிணிகளுக்கு அங்கே உதவி கிடைக்க வேண்டும் என்று கேட்டாராம்.

அரண்மனையில வைத்தியருக்கா பஞ்சம், ஒரு பிரசவத்தைப் பார்க்க முடியலையான்னு தோணும். அந்தக் காலத்தில் பணமும் அதிகாரமும் இருந்தாலும் பிரசவம் பெண்களுக்கு மறுபிறப்புதான். ஷாஜகானின் மும்தாஜ் 1631-ல் இறந்தது 14-வது பிரசவத்தில். இங்கிலாந்தின் அரியணைக்கே வாரிசாக இருந்த இளவரசி சார்லட், 1817-ல் சுமார் 50 மணி நேரம் வலியில் துடித்து, இறந்த குழந்தையைப் பெற்று, சில மணி நேரத்தில் தானும் இறந்துபோனார். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ரத்தம் ஏற்றும் வசதி அப்போது எங்கேயும் கிடையாது. பிரசவம் பார்ப்பவர் கையைச் சுத்தமாகக் கழுவினாலே பல தாய்மார்கள் பிழைப்பார்கள் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் நிரூபித்ததே 1847-ல்தான்.

அதிகாரம் போச்சு... சத்திரத்தை விடல!

சரபோஜி மன்னராகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1799-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டு, நாட்டு நிர்வாகத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது. கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிலவரி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மன்னருக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

அடுத்து, சத்திரங்களுக்கு என்ன கதி? தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காக வழி நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம் மாதிரி பலவற்றுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். அவற்றை நடத்த எழுதி வைத்த கிராமங்களின் வருமானம் நின்றால், அடுப்பும் அணைந்துவிடும்.

1801 ஜனவரியில் சரபோஜி, கம்பெனியின் பிரதிநிதி டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் செலவில் எதைக் குறைத்தாலும் சரி, சத்திரங்களில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அப்போ அவருக்கு வயசு 23!

அந்தச் சத்திரங்களில் என்னவெல்லாம் நடந்தது என்று கடிதத்தில் விவரமாக இருக்கிறது. எந்தச் சாதியைச் சேர்ந்தவர் வந்தாலும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்க. நோயாளிகளுக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. ஆதரவற்ற குழந்தைகளுக்குப் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். கைக்குழந்தைகளுக்குப் பால்.

கர்ப்பிணிகளுக்கு? சத்திரத்திலேயே பிரசவமானால் முழுச் செலவும் சத்திரத்துடையது. மருந்தும் அவர்களே கொடுப்பார்கள். முக்கியமான விஷயம், குழந்தை பிறந்த பிறகு தாய் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம். மூணு மாசம்! 220 வருஷத்துக்கு முன்னாடி, ஊர் பேர் தெரியாத ஒரு வழிப்போக்கருக்கு!

அடுத்த வருஷம், 1802-ல், ஒரத்தநாட்டில் முத்தம்மாள் பெயரிலேயே பெரிய சத்திரம் எழுந்தது. அந்த ஊருக்கே முத்தம்மாள்புரம் என்று பெயர் வந்தது. முறைப்படி ராணி ஆகாத ஒரு பெண்ணின் பெயரை, ராணிகளின் பெயர்களோடு சேர்த்து அதே ராமேஸ்வரம் சாலையில் வைத்தார் சரபோஜி.

வைத்தியம் படித்த மன்னர்

அதோடும் அவர் நிற்கவில்லை. அரண்மனையில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை வளர்த்தார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் அங்கே சந்தித்தன. மனிதர்களுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் மருந்து தயாரானது. கண் நோயாளிகள் 44 பேரின் சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

அங்கே கையாண்ட மருந்து முறைகளைத் தமிழ்ப் பாடல்களாக எழுத வைத்தார். அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள். நோய்வாரியாகப் பிரித்து சரஸ்வதி மகால் வெளியிட்ட அந்த வரிசையில், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களுக்காகவே ஒரு நூல் இருக்கிறது. முதல் குழந்தையையும் முத்தம்மாளையும் இழந்த ஒருவரின் அரண்மனையில் உருவான முறைகள் அவை என்று நினைத்துப் படித்தால், மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

சரபோஜி 1832 மார்ச்சில் இறந்தார். மகன் சிவாஜிக்குப் பிறகு 1855-ல் மராட்டிய ஆட்சியே முடிந்துபோனது. பின்னாளில் ஒரத்தநாடு சத்திரத்தில் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் நடந்தன.

மூணு மாசம் கிடைக்குதா?

இன்று டெல்டா பெண்களுக்குப் பிரசவம்னா தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கு. கூப்பிட்டால் 108 வரும். ரத்த வங்கி இருக்கு. முத்தம்மாளுக்குக் கிடைக்காத இத்தனையும் நம்ம கையில் இருந்தும், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குதான் உலகம் முழுக்கத் தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணமாக இன்னும் இருக்கிறது. குழந்தை பிறந்துடுச்சு, ஸ்வீட் கொடுத்தாச்சு, இனிமே கவலையில்லன்னு நாம நினைக்கிற நேரத்தில்தான் தாய்க்கு அதிக கவனிப்பு தேவை.

ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2017 முதல் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நடவு நடும், களை பறிக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு விடுப்பு கிடையாது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு நிதியுதவி தருகிறது. ஆனால் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், ஓய்வு என்பது பல நேரம் அக்கம்பக்கத்தார் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை பட்டுக்கோட்டை பஸ்ஸில் போனால், ஒரத்தநாட்டில் இறங்கி அந்தச் சத்திரத்தை ஒரு தடவை பாருங்க. செல்ஃபி எடுத்துட்டு, உங்க தெருவுல புதுசா குழந்தை பெத்த அக்கா யாராச்சும் இருந்தா, அவங்க சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க!