காணாமற்போன மகனுக்காகக் காத்திருந்த அறிஞர்

வன்னியில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டால், அவர் தவறான முடிவெடுத்தார் என்றே செய்திகள் எழுதுகின்றன. முடிவும் அவருடையது, தவறும் அவருடையது என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது. அவரைச் சுற்றியிருந்த சமூகத்துக்கு இதில் பங்கில்லையா என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எண்களோடு எழுப்பியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். தனிமையும் சமூக ஒதுக்கமும் குறித்து இன்று நடக்கும் ஆய்வுகள் பலவற்றின் வேர் அவரிடம் இருக்கிறது.

1858 ஏப்ரல் 15ஆம் திகதி பிரான்ஸின் எபினால் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை யூத மதகுரு. பல தலைமுறைகளாக அதுவே குடும்பத்தின் பணி. மகனும் அதே வழியில் செல்வார் என்று வீட்டார் எதிர்பார்த்தனர். அவரோ படிப்பைத் தேர்ந்தெடுத்தார். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரிக்கான நுழைவுப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை 1879இல் தேறினார். அங்கே கிடைத்த நெருங்கிய நண்பர் விக்டர் ஓமே 1886இல் இறந்துபோனார். அது உயிர்மாய்ப்பாக இருக்கலாம் என்ற ஐயம் நிலவியது. அந்த இழப்பு துர்கைமின் பிற்கால ஆய்வுக்கு ஒரு தூண்டுதலாக இருந்திருக்கும் என்பது அவரது வாழ்க்கையை எழுதியவர்களின் கருத்து.

1887இல் லூயிஸ் என்பவரை மணந்த அவர், அதே ஆண்டு போர்டோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். மேரி, அந்திரே என இரண்டு பிள்ளைகள். பத்து ஆண்டுகளின் பின், 1897இல், தற்கொலை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதற்காக ஏறத்தாழ 26,000 மரணங்களின் பதிவுகள் வயது, பால், திருமண நிலை, பிள்ளைகள் என்று வகைபிரிக்கப்பட்டன. அந்த வேலையைச் செய்து கொடுத்தவர் அவரது மருமகன் மார்செல் மோஸ். பின்னாளில் அவரும் பெரும் அறிஞரானார்.

துர்கைம் கண்டது இதுதான். திருமணமாகாதவர்களிடையே தற்கொலை வீதம் அதிகம். பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் குறைவு. கத்தோலிக்கரைவிடப் புரட்டஸ்தாந்தரிடையே அதிகம். யுத்தமும் அரசியல் கொந்தளிப்பும் உள்ள காலங்களில் வீதம் குறைகிறது. ஒரு மனிதர் தன் குடும்பத்தோடும் ஊரோடும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறார் என்பதே பெரிய காவல் என்று அவர் முடிவுக்கு வந்தார். அவர் பயன்படுத்திய பதிவுகள் எல்லாம் நம்பகமானவையா என்று பின்வந்தோர் கேள்வி எழுப்பினர். ஆயினும் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி நிலைத்துவிட்டது.

எங்கள் மண்ணிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை வீதம் குறைந்திருந்ததை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் உள்ளிட்டோரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் வவுனியா நலன்புரி முகாம்களில் நிலைமை வேறு. அங்கே இந்த வீதம் சுற்றியிருந்த மக்களிடையே இருந்ததைவிட மிக அதிகம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் 2002இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினர். யுத்தம் இரண்டு இடத்திலும் இருந்தது. முகாமில் இல்லாமற்போனது ஊர்.

நோயைச் சொன்ன துர்கைம் மருந்தையும் தேடினார். நவீன உலகில் அரசு மக்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது; குடும்பமோ சுருங்கிவிட்டது. இடையிலுள்ள வெற்றிடத்தை ஒரே தொழில் செய்வோரின் சங்கங்கள் நிரப்ப வேண்டும் என்றார். இது வன்னிக்குப் புதிய யோசனை அல்ல. கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், மரணச் செலவுக்குக் கைகொடுக்கும் சங்கம் எல்லாம் இங்கே இருந்தவை. 2009க்குப் பின் மீள்குடியேற்றம் வீட்டையும் வீதியையும் கணக்கெடுத்த அளவுக்கு இவற்றைக் கணக்கெடுத்ததா என்பது கேட்கப்பட வேண்டியது. அதேநேரம், கூட்டமாகச் சேர்க்கும் எல்லாமே உறவாகிவிடாது. நுண்கடன் குழுக்களும் பெண்களைச் சேர்த்து இருத்தின. தவணை தவறியவரை அதே குழுவே வெட்கப்படவும் வைத்தது.

1902இல் துர்கைம் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புகழின் உச்சத்தில் இருந்தபோது முதலாம் உலகப் போர் வந்தது. அவரது மாணவர்கள் பலர் களத்தில் மாண்டனர். மொழியியல் படித்த மகன் அந்திரே பால்கன் முனைக்கு அனுப்பப்பட்டார். 1916இன் தொடக்கத்தில், அவர் காணாமற்போனவர் என்ற தகவல் தந்தைக்கு எட்டியது. இறந்தாரா, பிடிபட்டாரா, காயத்தோடு எங்காவது கிடக்கிறாரா என்று தெரியாத நாட்கள் நீண்டன. பின்னரே, 1915 டிசெம்பரில் பல்கேரியாவில் அவர் காயங்களால் இறந்துவிட்டது உறுதியானது.

மனிதர்க்கு மனிதரே துணை என்பதை எண்களால் நிறுவியவர், தன் துயரை எவரோடும் பகிரவில்லை. மகனின் பெயரைத் தன் முன் எடுக்கவேண்டாம் என்றார். ஓயாத வேலைக்குள் தன்னைப் புதைத்தார். அந்த ஆண்டே பக்கவாதம் தாக்கியது. 1917 நவம்பர் 15இல், 59ஆவது வயதில், அவர் காலமானார்.

துர்கைமுக்குச் சில மாதங்களில் ஒரு பதில் கிடைத்தது. எங்கள் தாய்மாருக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும், சொன்னதைக் கேட்க இன்னொரு தாய் பக்கத்தில் இருக்கவும் அங்கே இடமிருந்தது. அந்த அறிஞர் தனக்குக் கொடுத்துக்கொள்ளாத துணையை இவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்தனர்.

ஆனால் முதுமையும் நோயும் அந்த வரிசையைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. பலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டனர். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. வன்னியில் அந்த ஆறாவது ஆளைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. பக்கத்து வளவில், பிள்ளையின் படத்தோடு தனித்திருக்கும் அம்மாவை இந்த வாரம் யார் போய்ப் பார்த்தோம் என்று கேட்டாலே போதும்.