தெருவில் ஆடிய சிறார்க்குத் திடல் கண்டவர்

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சீடர்வில் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டு செல்வக் குடியில் பிறந்தவர் ஜேன் ஆடம்ஸ். இரண்டு வயதில் தாயை இழந்தார். முதுகெலும்பு நோயும் அவரை வருத்தியது. ஆயினும், தந்தையின் அரவணைப்பில் ஊர்ப்புறத்தில் ஆடி மகிழ்ந்து வளரும் பேறு அவருக்கு வாய்த்தது.

இலண்டனில் கற்றோர் வறியோரிடையே குடியிருந்து பணியாற்றிய டாயின்பி மன்றத்தைக் கண்டபின், 1889இல் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் இணைந்து சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினார். இத்தாலியர், கிரேக்கர், ஐரிஷ் மக்கள், உருசிய யூதர் எனப் புலம்பெயர்ந்த உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது.

அங்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் விழாவில் குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கப்பட்டது. சிறுமியர் சிலர் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். மிட்டாய் ஆலையில் ஆறு வாரங்களாகக் காலை 7 மணிமுதல் இரவு 9 மணிவரை உழைத்தவர்கள் அவர்கள். இனிப்பைக் காணவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஊர்க் குழந்தைகளின் விழாக்கால மகிழ்ச்சிக்கு இச்சிறுமியரின் ஆடும் பொழுது விலையாகி இருந்தது. ஈகையால் தீரும் குறையன்று இது என்பதை ஆடம்ஸ் உணர்ந்தார். ஃபுளோரன்ஸ் கெல்லி முதலியோருடன் அவர் எடுத்த முயற்சியால், 14 வயது நிறையாதோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893இல் இல்லினாய்ஸில் நிறைவேறியது. வறிய பெற்றோர் சிலரே அதனை விரும்பவில்லை என்பதும் உண்மை. பிள்ளையின் சிறுகூலியும் அவ்வீடுகளுக்கு வேண்டியிருந்தது.

ஆலையிலிருந்து மீண்ட பிள்ளை எங்கே விளையாடும்? குப்பை மண்டிய தெருவைத் தவிர வேறிடம் இல்லை. அருகில் பாழடைந்த வாடகை வீடுகள் சில இருந்தன. அவற்றின் சீர்கேட்டை ஹல் இல்லத்தார் வெளிப்படையாகக் கண்டித்தனர். உரிமையாளர் வில்லியம் கென்ட் அந்நிலத்தையே ஆடம்ஸின் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தார். வீடுகள் அகற்றப்பட்டன, ஊஞ்சலும் மணற்குழியும் அமைந்தன. சிகாகோவின் முதல் பொது விளையாட்டுத் திடலாகப் போற்றப்படுவது இதுவே.

இளைஞரையும் நகரத் தெருக்களையும் பற்றி 1909இல் அவர் ஒரு நூல் எழுதினார். இருப்புப் பாதையருகே தீமூட்டியும், தொடர்வண்டிமீது கல்லெறிந்தும் சிறார் நீதிமன்றத்திற்கு வந்த சிறுவர்களை அதில் ஆராய்ந்தார். அவர்களிடம் அவர் கண்டது குற்ற மனத்தை அன்று. ஆட இடமின்றித் திசைமாறிய துடிப்பையே கண்டார். உழைப்பைத் திறம்பட ஒழுங்குசெய்த நகரம், விளையாட்டை மட்டும் வணிகரிடம் விட்டுவிட்டது என்பது அவர்தம் குற்றச்சாட்டு.

1931இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற ஆடம்ஸ், 1935 மே 21 அன்று சிகாகோவில் மறைந்தார். ஹல் இல்லத்தின் முற்றத்திலேயே இறுதி வழிபாடு நடைபெற்றது. அவர் தொடங்கிய திடலோ, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நகர நிருவாகத்தின் பொறுப்புக்கு மாறியிருந்தது.